இடித்த வீட்டு மரத்தில் குருவிக்கு ஒரு வீடு

பழைய ஓட்டு வீட்டை இடிக்கும்போது முதலில் ஓடுகள் இறங்கும். பிறகு ரீப்பர், கைமரம், உத்திரம். கடைசியில் நிலையும் கதவும். ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை உண்டு. பழைய மரக்கடைக்காரர் லாரியோடு வந்து ஏற்றிக்கொண்டு போவார். யாரும் விலை பேசாத ஒன்றும் அந்த வீட்டில் இருந்தது: சுவரின் தலைக்கும் கைமரத்துக்கும் நடுவே இருந்த இடுக்கு. சிட்டுக்குருவிகள் தலைமுறை தலைமுறையாகக் குஞ்சு பொரித்தது அங்கேதான். முற்றத்தில் காயும் தானியத்தைக் கொத்தி, எருப்புழுதியில் குளித்து, வீட்டின் இறவாரத்தில் குஞ்சுகளோடு தங்கும் குருவி குறுந்தொகையின் 46ஆம் பாடலிலேயே வருகிறது. அந்தப் பழக்கம் இன்றும் மாறவில்லை. தூக்கணாங்குருவிபோல நெய்யத் தெரியாத பறவை இது, பொந்தைத்தான் தேடும். கான்கிரீட் வீட்டில் பொந்துக்கு எங்கே போகும்?

செல்போன் கோபுரம்தான் குருவியைக் கொன்றது என்ற பேச்சு 2018இல் வந்த ‘2.0’ படத்துக்குப் பிறகு இன்னும் வலுத்துவிட்டது. 2020இல் வெளியான ‘இந்தியப் பறவைகளின் நிலை’ அறிக்கையோ அதற்குச் சான்றில்லை என்கிறது. நாடு முழுக்கப் பார்த்தால் சிட்டுக்குருவி ஏறக்குறைய நிலையாகவே இருக்கிறது. சென்னை போன்ற பெருநகரங்களில்தான் மெல்லக் குறைந்து வருகிறது. கூடு வைக்க இடமும் குஞ்சுக்கு ஊட்டப் பூச்சியும் அங்கே அருகிப்போயின. பூச்சிக்குச் செடிகொடி வேண்டும். இடத்துக்கு நாலு துண்டுப் பலகை போதும். அந்தப் பலகையை இடித்த வீட்டிலிருந்தே எடுப்பதில் ஒரு நியாயம் இருப்பதாக நினைக்கிறேன்.

நியாயத்தை விடுங்கள், வேலைக்கும் பழைய மரமே மேல். ஈரம் காயாத மரத்தில் பெட்டி செய்தால் ஒரு கோடையிலேயே வளைந்து, மூட்டு வாய் பிளந்துவிடும். பல பத்தாண்டுகள் கூரையில் காய்ந்த தேக்கும் வேம்பும் சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி முடித்தவை. தேக்கைக் கறையான் எளிதில் அண்டாது. ஆசாரி கழித்துப்போட்ட துண்டுகளே போதும். முக்கால் அங்குலக் கனம் இருந்தால் உள்ளே வெயில் அவ்வளவாக இறங்காது. தகரத்திலும் பிளாஸ்டிக்கிலும் செய்த பெட்டிகள் சித்திரை வெயிலில் குஞ்சுகளை வாட்டி எடுத்துவிடும். மார்ச் 20, உலகச் சிட்டுக்குருவி நாளன்று விநியோகிக்கும் அட்டைப் பெட்டிகள் ஒரு மழையைத் தாங்குவதில்லை. நல்ல மனதோடுதான் கொடுக்கிறார்கள். இருந்தாலும் ஒரு மழைக்கு ஊறும் பெட்டியைக் குருவி நம்பிக் குடியேறும்படி வைக்கக் கூடாது.

பழைய மரத்தில் இரண்டு ஆபத்துகள் உண்டு. முதலாவது பழைய பெயின்ட். வீட்டு பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். அதற்கு முன்பு பூசிய கதவை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் ஈயத்தூள் பறக்கும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் அதைச் செய்யவே கூடாது. பெயின்ட் படாத கைமரத்தையும் ரீப்பரையும் தேடி எடுங்கள். இரண்டாவது, இறக்குமதிச் சரக்கோடு வரும் பாலட் மரம். மலிவாகக் கிடைக்கிறது என்று உடனே வாங்கிவிட வேண்டாம். அதில் கோதுமைக் கதிர் முத்திரையைத் தேடுங்கள். பக்கத்தில் ‘எச்.டி.’ என்றிருந்தால், மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி சூட்டில் 30 நிமிடம் வைத்தது என்று பொருள், தாராளமாக எடுக்கலாம். ‘எம்.பி.’ என்றிருந்தால் மெத்தில் புரோமைடு நச்சுப்புகை போட்டது, தொட வேண்டாம். முத்திரையே இல்லாததையும் எண்ணெய்க் கறை படிந்ததையும் ஒதுக்கிவிடுங்கள்.

அளவில் கைவிட முடியாதது வாசல்தான். 32 மில்லிமீட்டர், அதாவது ஒன்றேகால் அங்குல வட்டம். அதில் சிட்டுக்குருவி நுழையும், மைனா நுழையாது. தரை 15 சென்டிமீட்டர் சதுரம். வாசல் அதிலிருந்து 12 முதல் 15 சென்டிமீட்டர் உயரத்தில். கூரை முன்பக்கம் சரிந்து, வாசலுக்கு மேலே நாலு விரல் நீண்டிருக்கட்டும். தரையின் மூலைகளில் தண்ணீர் வடியவும், கூரைக்குக் கீழே பக்கப் பலகைகளில் காற்று போகவும் சிறு துளைகள் போடுங்கள். ஒரு பக்கப் பலகையை ஆணி அடிக்காமல் திருகாணியில் நிறுத்துங்கள். பிறகு திறக்க வேண்டியிருக்கும். முன்பலகையின் உட்புறத்தை இழைக்காதீர்கள். குஞ்சு அந்தச் சொரசொரப்பைப் பற்றித்தான் வாசலுக்கு ஏறும். கடையில் விற்கும் பெட்டிகளில் வாசலுக்குக் கீழே ஒரு குச்சி நீட்டிக்கொண்டிருக்கும். குருவிக்கு அது தேவையே இல்லை; காக்கைக்கு உட்கார இடம் கொடுத்தது போலாகும்.

வண்ணம் பூசுவது நம் ஆசைக்கு, முக்கியமாகக் குழந்தைகளின் ஆசைக்கு. அதைக் குறை சொல்ல மாட்டேன். கோயில் மதிலின் காவி, வெள்ளைப் பட்டையை ஒரு சாணுக்குள் தீட்டும் பிள்ளை அந்தப் பெட்டியைத் தினமும் அண்ணாந்து பார்ப்பாள். ஆனால் வெளிப்பக்கம் மட்டும்தான். உள்ளேயும் வாசலின் விளிம்பிலும் தூரிகை படக் கூடாது. ஈயம் இல்லாத, தண்ணீரில் கரையும் பெயின்ட் வாங்குங்கள். கூரைக்கு வெளிர் நிறமே வேண்டும். கருநிறம் வெயிலைக் குடிக்கும். பூசிய பிறகு வாடை அடியோடு போகும்வரை இரண்டு வாரம் திறந்தவெளியில் வையுங்கள். நல்ல தேக்காக இருந்தால் நான் பெயின்ட்டே வேண்டாம் என்பேன். வெளிப்புறத்தில் ஆளிவிதை எண்ணெய் ஒரு கை தடவினால் போதும். மரத்தின் ரேகை தெரியும்.

சன்ஷேடுக்குக் கீழே, பத்தடி உயரத்தில், கிழக்கோ வடக்கோ பார்த்து ஆடாமல் பொருத்துங்கள். மேற்கு வெயில் படும் சுவர் வேண்டாம். மின்விசிறி சுழலும் அறைக்குப் பக்கத்திலும் வேண்டாம். குருவிகள் கூட்டமாக வாழ்பவை என்பதால் இரண்டு மூன்று பெட்டிகளைச் சில அடி தள்ளித்தள்ளி வைத்தால் சீக்கிரம் வரும். அடைகாப்பது 11 முதல் 14 நாள். பொரித்த குஞ்சு பறக்க இன்னும் இரண்டு வாரம் ஆகும். அதுவரை திருகாணியைத் தொடாதீர்கள். குஞ்சுகள் போன பிறகு திறந்து பழைய வைக்கோலையும் சிறகுகளையும் அள்ளிவிட்டு, உண்ணி சாகும்படி ஒரு பகல் வெயிலில் காயவைத்து, பழைய இடத்திலேயே மாட்டிவிடுங்கள். நம் ஊரில் குருவி ஒரே ஆண்டில் பல ஈடு குஞ்சு பொரிக்கும். அதனால் இந்த வேலையைத் தள்ளிப்போட முடியாது.