வலி நின்றாலும் தழும்பு நிற்கும்: குடல் அழற்சியில் புரதங்களின் பங்கு

வாரக்கணக்கில் வயிற்றுப்போக்கு, மலத்தில் ரத்தம், காரணமின்றி எடை குறைதல். மூலநோய் என்றோ உணவு ஒத்துக்கொள்ளவில்லை என்றோ பலர் இவற்றைத் தள்ளிப்போடுவதுண்டு. ஆனால், இவை குடல் அழற்சி நோயின் அறிகுறிகளாகவும் இருக்கலாம். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் மற்ற இனத்தவரைவிட இந்தியர்களிடையே இந்நோய் அதிகம் என்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன.

இந்நோயில் இரு முக்கிய வகைகள் உண்டு. 'அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்' பெருங்குடலின் உட்படலத்தைப் புண்ணாக்குகிறது. 'கிரோன்ஸ்' நோய் வாய் முதல் ஆசனவாய் வரை எங்கும் வரலாம். குடல் சுவரின் எல்லா அடுக்குகளையும் பாதிக்கக்கூடும்.

சுவரைத் தாங்கும் வலை

குடல் சுவர் உயிரணுக்களால் மட்டும் ஆனதன்று. செங்கற்களுக்கு இடையே சாந்து இருப்பதுபோல, உயிரணுக்களைச் சுற்றி ஒரு புரத வலை உள்ளது. அதில் கொலாஜன் உறுதி தருகிறது. எலாஸ்டின் இருப்பதால் சுவர் விரிந்து, பழைய நிலைக்குத் திரும்புகிறது. உட்படல உயிரணுக்கள் பற்றி நிற்கும் தளத்தில் லாமினின் உள்ளது. காயம் ஆறும்போது உயிரணுக்கள் நகர்ந்துவர ஃபைப்ரோனெக்டின் உதவுகிறது.

இவ்வலை ஓயாமல் புதுப்பிக்கப்படுகிறது. சில நொதிகள் பழைய புரதங்களை வெட்டி அகற்ற, உயிரணுக்கள் புதியவற்றைச் சுரக்கின்றன. நலமான குடலில் இவ்விரண்டும் சமநிலையில் இருக்கும்.

சமநிலை குலைந்தால்

அழற்சியின்போது வெட்டும் நொதிகள் மிகுந்துவிடுகின்றன. வலை சிதைந்து புண் உண்டாகிறது. சிதைந்த புரதத் துண்டுகளே மேலும் வெள்ளை அணுக்களை ஈர்த்து அழற்சியை வளர்க்கின்றன.

மறுபுறம், புண்ணை ஆற்ற வரும் ஃபைப்ரோபிளாஸ்ட் உயிரணுக்கள் கொலாஜனை அளவுக்கு மீறிச் சுரக்கலாம். அப்போது சுவர் தடித்து இறுகுகிறது. அந்த இறுக்கமே அவற்றை மேலும் தூண்டுகிறது. நாளடைவில் குடற்பாதை குறுகிவிடும். கிரோன்ஸ் நோயில் இது அதிகம். சாப்பிட்டபின் வயிற்றைப் பிசையும் வலி, உப்புசம், வாந்தி ஆகியவை இதன் அடையாளங்கள்.

மருந்தை நிறுத்தலாமா?

இப்போதுள்ள மருந்துகள் அழற்சியைக் கட்டுப்படுத்துகின்றன. ஆனால், இறுகிப்போன தழும்பைக் கரைப்பது அவற்றால் அரிது. குறுகிய பகுதியை எண்டோஸ்கோப்பி வழியாகச் சிறு பலூன் கொண்டு விரிக்க வேண்டிவரும். இல்லையேல் அறுவை சிகிச்சை தேவைப்படலாம்.

எனவே, வலி நின்றதும் தாங்களாகவே மருந்தை நிறுத்துவது ஆபத்தானது. வெளியில் அறிகுறி இல்லாவிட்டாலும் உள்ளே அழற்சி தொடரலாம். மலத்தில் கால்புரோடெக்டின் அளவைப் பார்க்கும் சோதனையும் கொலோனோஸ்கோப்பியும் அதைக் காட்டித்தரும். புகைபிடித்தல் கிரோன்ஸ் நோயை மோசமாக்கும் என்பதால் அதைக் கைவிடுவதும் சிகிச்சையின் ஒரு பகுதியே.

மலத்தில் ரத்தம் தெரிந்தால் மூலநோய் என்று தாங்களே முடிவு செய்யாமல் மருத்துவரைப் பார்ப்பது நல்லது. தழும்பு இறுகுமுன் நோயைக் கண்டறிந்தால் குடலைக் காக்கும் வாய்ப்பு அதிகம்.