மேகச் சேமிப்பும் வீட்டுக் கணினியும்

'மேகம்' என்று இதற்குப் பெயரிட்டவர் யாராயினும், அவர் மாணவர்களுக்கு நன்மை செய்தார் என்று நான் சொல்லமாட்டேன். மேகம் என்றவுடன், நாம் எழுதிய கட்டுரையும் எடுத்த படமும் வானில் எங்கோ மிதப்பதாகவும், அவற்றிற்கும் நம் வீட்டுக் கணினிக்கும் யாதொரு தொடர்பும் இல்லை என்பதாகவும் ஓர் எண்ணம் எழுந்துவிடுகிறது. உண்மை அதுவன்று. கோப்புகள் தங்குவது மண்ணின்மேல் கட்டிய கட்டடங்களில், வரிசை வரிசையாக அடுக்கிய கணினிகளின் வட்டுகளில். அவற்றின் மற்றொரு படி, பெரும்பாலும் நம் கணினியின் வட்டிலும் இருக்கிறது. அந்தப் படி எங்கே இருக்கவேண்டும் என்பதை நாமே தீர்மானிக்கலாம். ஆனால் பலர் தீர்மானிப்பதில்லை. மென்பொருளே அவர்களுக்காகத் தீர்மானித்துவிடுகிறது.

இவ்வகைச் சேவைகளில் நம் மாணவர் மிகுதியும் பழகுவன மூன்று. டிராப்பாக்ஸ் நிறுவனத்தை டுரூ ஹூஸ்டன், அராஷ் ஃபெர்டோசி என்னும் இருவர் 2007-ஆம் ஆண்டில் தொடங்கினர். பொதுமக்களுக்கு அது கிடைத்தது 2008-இல். மைக்ரோசாப்ட் நிறுவனம் 2007-இல் ஸ்கைடிரைவ் என்ற பெயரில் வெளியிட்டதே 2014 முதல் ஒன்டிரைவ் என வழங்கி வருகிறது. பிரிட்டனில் 'ஸ்கை' என்னும் பெயருக்கு உரிமை கொண்டாடிய ஒளிபரப்பு நிறுவனம் வழக்காடி வென்றதால் நேர்ந்த பெயர்மாற்றம் அது. கூகுள் டிரைவ் 2012 ஏப்ரலில் வந்தது. மூன்றிலும் அடிப்படை ஒன்றே. கணினியில் ஒரு கோப்புறையை மென்பொருள் தனக்கென்று அமைத்துக்கொள்கிறது. அதில் நாம் எதை இட்டாலும் அதன் படியொன்று நிறுவனத்தின் கணினிக்குச் செல்கிறது. அங்கிருந்து நம் கணக்கோடு இணைந்த மற்றக் கருவிகளுக்கும் செல்கிறது. ஒன்றில் திருத்தியது எல்லாவற்றிலும் திருந்துகிறது. இதனை ஒத்திசைவு என்கிறோம்.

ஒத்திசைவு நன்மை தீமை பாராது. ஏட்டுச் சுவடியைப் பெயர்த்தெழுதியவர் மூலத்திலிருந்த பிழையையும் சேர்த்தே பெயர்த்தெழுதியது போல, இம்மென்பொருளும் நாம் செய்வதை அப்படியே செய்யும். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். இதனை முதலில் மனத்தில் இருத்திக்கொண்டால்தான் மேலே சொல்லப்போவது விளங்கும்.

விண்டோஸ் கணினிகளில், நாம் ஒன்றும் சொல்லாவிட்டால், டிராப்பாக்ஸும் ஒன்டிரைவும் 'சி' என்னும் வட்டில் நம் பெயரால் அமைந்த பயனர் கோப்புறைக்குள் தம் இடத்தை அமைத்துக்கொள்ளும். அதற்குத் தக்க காரணங்கள் உண்டு. 'சி' வட்டு எல்லாக் கணினியிலும் இருக்கிறது. கணினி இயங்கும்போதெல்லாம் அது கூடவே இருக்கும். பயனர் கோப்புறையை அதே கணினியில் வேறு கணக்கில் நுழைபவர் எளிதில் திறந்து பார்க்க இயலாது. குறை ஒன்றே, இடநெருக்கடி. மாணவர் வாங்கும் மடிக்கணினிகள் பலவற்றில் எஸ்.எஸ்.டி. எனப்படும் விரைவான வட்டு 128 அல்லது 256 ஜி.பி. அளவே உள்ளது. அதில் விண்டோஸும் பிற மென்பொருள்களும் தமக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டபின் எஞ்சுவது குறைவு. வட்டு நிறைந்தால் விண்டோஸின் புதுப்பிப்புகள் நின்றுபோகும், கணினி தள்ளாடும், புதிய கோப்பைச் சேமிக்கவும் இடமிராது. அதே கணினியில் 'டி' என்றொரு பெரிய வட்டு காலியாகக் கிடப்பதுண்டு. அந்நிலையில் கோப்புறையை அங்கே மாற்றுவது அறிவுடைய செயலே.

ஆயினும், மாற்றுவதற்கு முன் மாற்றத்தான் வேண்டுமா என்று பார்க்கவேண்டும். நூல்நிலையத்தில் பட்டியல் அட்டைகள் நிறைந்த இழுப்பறையை நீங்கள் பார்த்திருக்கலாம். அட்டையில் நூலின் பெயர் உண்டு, ஆசிரியர் பெயர் உண்டு, பக்கக் கணக்கும் உண்டு. நூலோ உள்ளே அடுக்கில் இருக்கிறது. கேட்டால் எடுத்துத் தருவார்கள். ஒன்டிரைவில் 2017 முதல் இதே ஏற்பாடு உண்டு. கோப்பின் பெயரும் அளவும் நம் கணினியில் தெரியும். உள்ளடக்கம் மட்டும் தொலைவில் இருக்கும். திறக்கும்போது இணையத்தின் வழியே வந்து சேரும். நீல மேகக் குறி இருந்தால் அட்டை மட்டும் இருக்கிறது என்று கொள்ளலாம். பச்சை நிறச் சரிக்குறி இருந்தால் நூலே கைக்கு வந்துவிட்டது. பச்சை வட்டத்தினுள் வெண்ணிறச் சரிக்குறி இருந்தால், எப்போதும் இங்கேயே இருக்கட்டும் என்று நாம் பணித்திருக்கிறோம் எனப் பொருள். கோப்பின் பண்புகளைத் திறந்து பார்த்தால் 'அளவு' என்றும் 'வட்டில் கொள்ளும் அளவு' என்றும் இரண்டு எண்கள் காணப்படும். முதலெண் பெரிதாயும் இரண்டாவது சுழியாயும் இருந்தால் அக்கோப்பு நம் வட்டில் இடம் கொள்ளவில்லை. கூகுள் டிரைவிலும் இவ்வாறு ஓடையாகப் பெறும் முறை ஒன்றும், முழுப்படியையும் வைத்துக்கொள்ளும் முறை ஒன்றும் உள்ளன.

ஆகவே, 'சி' வட்டு நிறைந்துவிட்டது என்று கவலைப்படும் மாணவர் பலருக்கு இடமாற்றமே தேவையில்லை. கோப்பின்மேல் வலப்பொத்தானை அழுத்தி, இடத்தை விடுவிக்கும் கட்டளையைத் தேர்ந்தால் போதும். உள்ளடக்கம் நீங்கி அட்டை எஞ்சும். அக்கட்டளை வேறு, அழிக்கும் கட்டளை வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவதால் வரும் கேட்டை நான் நேரில் கண்டிருக்கிறேன்.

என்னிடம் பள்ளியில் பயின்று, பின்னர் முதுகலை வகுப்பில் சேர்ந்த மாணவி ஒருத்தி தன் ஆய்வேட்டுக்காகச் சிற்றூர்களுக்குச் சென்று தாலாட்டும் ஒப்பாரியும் ஒலிப்பதிவு செய்து வந்தாள். பதிவுகள் பெருகி வட்டு நிறைந்தது. மேகத்தில்தான் இருக்கின்றனவே என்று எண்ணி, கணினியிலிருந்த கோப்புறையை முழுவதும் அழித்துவிட்டாள். சற்றைக்கெல்லாம் அவளுடைய கைப்பேசியிலும் அவை காணாமற் போயின. பாடிய மூதாட்டிகளுள் ஒருவர் அதற்கு முந்திய மாதம் காலமாகியிருந்தார். அவரிடம் மீண்டும் சென்று பதிவு செய்ய வழியில்லை. ஐந்தாம் நாள் அவள் என்னிடம் வந்தபோது, அச்சேவையின் இணையப் பக்கத்திலுள்ள குப்பைக்கூடையைத் திறந்து பார்க்கச் செய்தேன். எல்லாம் அங்கே இருந்தன. மீட்டுக்கொண்டாள். நான் மேலே கூறிய மூன்று சேவைகளிலும் தனியார் இலவசக் கணக்கில் அழித்த கோப்பு 30 நாள் வரை இருக்கும். அதன்பின் போனது போனதுதான். நாற்பதாம் நாள் அவள் வந்திருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று எண்ணிப் பார்க்கவும் மனம் வரவில்லை.

இனி, மாற்றியே ஆகவேண்டும் என்பவர்க்கு. கோப்புறையைச் சுட்டியால் இழுத்து வேறிடத்தில் போட்டுவிட்டால் மாறிவிட்டது என்று கருதக்கூடாது. மென்பொருள் தன் கோப்புறையின் இருப்பிடத்தைக் குறித்து வைத்திருக்கிறது. அவ்விடத்தில் கோப்புறை இல்லையெனில் அது குழம்பும். டிராப்பாக்ஸில் அமைப்புப் பக்கத்தில் ஒத்திசைவு என்னும் பகுதிக்குச் சென்று, கோப்புறையின் இடத்தை மாற்றச் சொன்னால் அதுவே எல்லாவற்றையும் எடுத்துச் செல்லும். ஒன்டிரைவில் வேலை சற்று அதிகம். முதலில் அமைப்புப் பக்கத்தில் இக்கணினிக்கும் கணக்குக்கும் உள்ள இணைப்பை நீக்கவேண்டும். பிறகு கோப்புறையைப் புதிய இடத்துக்கு நகர்த்தவேண்டும். மீண்டும் கணக்கில் நுழையும்போது, கோப்புறை எங்கே என்று காட்டும் திரையில் இடத்தை மாற்றும் வாய்ப்பு இருக்கும். அதை விட்டுவிட்டு அவசரமாக 'அடுத்து' என்பதை அழுத்துபவர்களே மிகுதி. அங்கே புதிய இடத்தைக் காட்டினால், ஏற்கெனவே கோப்புகள் உள்ளனவே என்று அது கேட்கும். அவ்விடத்தையே பயன்படுத்துமாறு பணிக்கலாம். இணைப்பை நீக்கியவுடன், அட்டையாக மட்டும் இருந்த கோப்புகள் கண்ணில் படாமற்போகும். அஞ்ச வேண்டுவதில்லை, மீண்டும் நுழைந்ததும் தோன்றும். கூகுள் டிரைவில் முழுப்படிக் கோப்புறைக்கு மட்டுமன்றி, ஓடை முறையில் தற்காலிகமாகச் சேரும் கோப்புகளுக்கும் இடத்தை மாற்றலாம். அந்தத் தற்காலிகக் கோப்புறைக்குள் நாமே புகுந்து எதையும் எடுப்பதோ சேர்ப்பதோ ஆகாது.

எங்கே மாற்றுவது என்பதில்தான் மிகுந்த கவனம் வேண்டும். பென் டிரைவும், கம்பியால் இணைக்கும் வெளி வட்டும் இதற்கு ஏற்றவையல்ல. மென்பொருள் இயங்கிக்கொண்டிருக்கும்போது வெளி வட்டைப் பிடுங்கினால், வட்டு போய்விட்டது என்று உணர்வதற்குள், கோப்புகள் அழிக்கப்பட்டன என்று அது கொள்ளக்கூடும். இந்த வாய்ப்பு சிறிதே எனினும் உண்மையானது என்று டிராப்பாக்ஸ் நிறுவனமே தன் விளக்கக் குறிப்பில் எச்சரித்திருக்கிறது. ஒன்டிரைவ், வலையமைப்பின் வழியே இணைந்த வட்டுகளை ஏற்பதில்லை; என்.டி.எஃப்.எஸ். முறையில் வடிவமைத்த வட்டையே அது கேட்கும்.

ஒரு சேவையின் கோப்புறைக்குள் மற்றொன்றை வைப்பதும் தவறு. இரண்டு எழுத்தர்கள் ஒரே பதிவேட்டை ஒருவரையொருவர் கேளாமல் திருத்துவது போன்றது அது. தெரியாமலே இது நேர்வதும் உண்டு. விண்டோஸில் ஒன்டிரைவின் காப்பு வசதியை இயக்கினால், மேசைத்திரை, ஆவணங்கள், படங்கள் ஆகிய கோப்புறைகள் ஒன்டிரைவுக்குள் இடம்பெயர்ந்துவிடும். பின்பு 'ஆவணங்கள்' என்பதில் வேறொரு சேவையை அமைப்பவர், ஒன்றினுள் ஒன்றை அமைத்தவராகிறார்.

புதிய இடம் வேர்க்கோப்புறைக்கு அண்மையில் இருப்பது நன்று. விண்டோஸின் பழைய வரம்புப்படி, வட்டின் எழுத்து முதல் கோப்பின் பெயர் முடிய முழு முகவரியும் 260 எழுத்துக்குள் அடங்கவேண்டும்; அதனை இன்றும் பல மென்பொருள்கள் கடப்பதில்லை. ஆய்வேட்டின் முழுத் தலைப்பையும் கோப்புறைப் பெயராக வைக்கும் பழக்கமுடைய மாணவர்கள் இதனைக் கவனிக்கவேண்டும்.

பலரும் நினையாத ஒன்று அந்தரங்கம். 'சி' வட்டின் பயனர் கோப்புறைக்கு உள்ள காவல் 'டி' வட்டுக்குத் தானாக வருவதில்லை. அண்ணனும் தங்கையும் தனித்தனிக் கணக்கு வைத்துக்கொண்டு ஒரே கணினியைப் பயன்படுத்தும் வீட்டில், 'டி' வட்டில் வைத்த கோப்புறையைப் பொதுவாக இருவருமே திறக்கலாம், திருத்தலாம், அழிக்கலாம். விடுதியில் நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளும் கணினியிலும் அப்படியே. ஆதலின், அங்கே மாற்றுபவர் கோப்புறையின் பண்புகளில் பாதுகாப்பு என்னும் பகுதியைத் திறந்து, அனுமதியைத் தமக்கு மட்டும் அமைத்துக்கொள்ளவேண்டும். அது இயலாதெனில் 'சி' வட்டிலேயே விட்டுவைத்து, இடத்தை விடுவிக்கும் முறையைக் கையாள்வதே மேல் என்பது என் கருத்து.

மேக் கணினி உடையோர்க்கு இத்தேர்வு குறுகியது. அண்மைக்கால மேக் இயங்குதளங்களில் இச்சேவைகளின் கோப்புறைகள், பயனரின் 'லைப்ரரி' கோப்புறைக்குள் 'கிளவுட்ஸ்டோரேஜ்' என்னும் இடத்திலேயே பெரும்பாலும் அமைகின்றன.

மாற்றும் வேலையைத் தேர்வுக்கு முந்திய இரவிலோ, ஆய்வேட்டை ஒப்படைக்கும் வாரத்திலோ தொடங்கவேண்டாம். விடுமுறை நாளொன்றில், முக்கியமான கோப்புகளைத் தனியாக ஒரு வெளி வட்டில் படியெடுத்து, அதனைக் கழற்றி வைத்துவிட்டுத் தொடங்குங்கள். வேலை முடிந்தபின் புதிய கோப்புறையில் ஒரு வரி எழுதிய சிறு கோப்பைச் சேமித்து, கைப்பேசியிலோ வேறு கணினியிலோ அதே கணக்கைத் திறந்து, அது வந்து சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். வந்திருந்தால், அங்கிருந்தே அந்த வரியைத் திருத்தி, திருத்தம் உங்கள் கணினிக்குத் திரும்பி வருகிறதா என்றும் பாருங்கள்.