மழை விட்டது, கதவடியில் தண்ணீர் எப்படி வந்தது?

விடியற்காலையில் ஒரு மழை. காற்றோடு வந்து, அரைமணி நேரம் கொட்டிவிட்டுப் போய்விடுகிறது. நீங்கள் எழுந்து பின்கதவுப் பக்கம் போகிறீர்கள். கால்துடைப்பான் சொதசொதவென்று நனைந்து கிடக்கிறது. கதவு பூட்டித்தான் இருந்தது. கதவுக்கு வெளியே அப்பா ஆசையாகப் போட்ட பலகைத்தளம், வாசற்படியோடு ஒட்டினாற்போல அழகாக இருக்கிறது. தண்ணீர் எந்த வழியாக வந்தது?

பல வீடுகளில் அடுத்து நடப்பது தெரிந்ததுதான். கடையில் ஒரு குழாய் சிலிக்கோன் வாங்கி வந்து, கண்ணில் பட்ட இடுக்கையெல்லாம் அடைப்பார்கள். கொஞ்ச நாள் காய்ந்திருக்கும். பிறகு மறுபடியும் நனையும், சில சமயம் முன்பைவிட மோசமாக. அடைத்த பிறகு ஏன் அதிகம் ஒழுக வேண்டும்? இதற்கு விடை தேட, ஜார்ஜ் டவுனின் கடலோரத்துக்கு, வெல்ட் கீ பக்கம் போய் வரலாம்.

அங்கே சீனக் குலத்தாரின் மரக்குடியிருப்புகள் தூண்களின்மேல் கடலுக்குள் நீண்டிருக்கின்றன. அவற்றில் பெரியது சியூ ஜெட்டி. 2008 ஜூலையில் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த ஜார்ஜ் டவுன் பகுதிக்குள் இவையும் அடக்கம். படம் எடுக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் கடலைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் போனால் கொஞ்சம் காலடியைப் பாருங்கள். பலகைகளுக்கு நடுவே இடைவெளி இருக்கிறது. கீழே நீர் அலைவது தெரிகிறது. வீட்டு வாசல்கள் அந்தப் பலகைப் பாதையை ஒட்டித்தான் இருக்கின்றன. எவ்வளவு மழை பெய்தாலும் பாதையில் தண்ணீர் தேங்குவதில்லை. விழுந்த நீர் அந்த இடைவெளியில் இறங்கிக் கடலுக்குப் போய்விடுகிறது. அங்கே இடைவெளிதான் வடிகால்.

இனி உங்கள் வீட்டுக்கு வருவோம். அங்கே கடைசிப் பலகைக்கும் வாசற்படிக்கும் நடுவே தலைமுடி அளவு இடுக்குதான் இருக்கும். "இவ்வளவு சின்ன இடுக்கில் என்ன நுழையும்?" என்று தோன்றும். இங்கேதான் நம் கணக்கு தப்புகிறது.

இரண்டு சிறு கண்ணாடித் தகடுகளைச் சேர்த்துப் பிடித்து, ஒரு பக்க விளிம்பில் மட்டும் தீக்குச்சி ஒன்றை இடையில் வைத்து, இரப்பர் வளையத்தால் கட்டுங்கள். சாயம் கலந்த நீரில் நிறுத்துங்கள். தீக்குச்சி உள்ள பக்கம் நீர் கொஞ்சமே ஏறும். தகடுகள் ஒட்டிய பக்கம் மேலே மேலே ஏறும். இதுதான் நுண்புழை ஏற்றம். 5 மில்லிமீட்டர் இடைவெளியில் நீர் சுமார் 3 மில்லிமீட்டர்தான் ஏறும். அரை மில்லிமீட்டர் இடைவெளியில் ஏறக்குறைய 30 மில்லிமீட்டர் ஏறிவிடும். மரத்துக்கும் சிமெண்டுக்கும் இடையே சுத்தமான கண்ணாடியில் ஏறும் அளவு ஏறாது என்றாலும் போக்கு அதுதான். அகன்ற இடைவெளி நீரை வடிக்கிறது. குறுகிய இடுக்கு அதை உறிஞ்சி, மழை நின்ற பிறகும் பிடித்து வைத்துக்கொள்கிறது. நிலைக்கால் அடியில் உளுத்துப்போவது இதனால்தான். தரை நனைந்தால் துடைத்துவிடலாம். நிலை உளுத்தால் கதவையே கழற்ற வேண்டும்.

அடுத்த ஆள் காற்று. மலாக்கா நீரிணைப் பக்கமிருந்து விடியலில் வரும் 'சுமத்ரா' காற்றுமழை உங்களுக்குத் தெரிந்திருக்கும். காற்று கதவில் மோதி நிற்கும்போது தரும் அழுத்தத்தைக் கணக்கிடலாம்: காற்றின் அடர்த்தியில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும். காற்றின் அடர்த்தி கனமீட்டருக்கு 1.2 கிலோகிராம் என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் 60 பாஸ்கல் வருகிறது. 1 மில்லிமீட்டர் உயர நீரைத் தாங்க ஏறத்தாழ 10 பாஸ்கல் போதும். ஆக, அந்தக் காற்று 6 மில்லிமீட்டர் உயரத்துக்கு நீரைத் தள்ளும். வேகம் இரட்டிப்பாகி 72 கிலோமீட்டர் ஆனால், தள்ளும் உயரம் 12 அல்ல, 24 மில்லிமீட்டர். வாசற்படி அதைவிடத் தாழ்வாக இருந்தால், கதவடியில் தேங்கிய நீர் மேட்டைத் தாண்டி ஏறி வருகிறது!

பக்கவாட்டில் தள்ளித் திறக்கும் அலுமினியக் கதவு உங்கள் வீட்டில் இருந்தால், அதன் கீழ்ச்சட்டத்தின் வெளிப்பக்கத்தில் சின்னச் சின்னத் துளைகளைத் தேடுங்கள். தண்டவாளம் போன்ற பள்ளத்தில் விழும் நீர் வெளியேறும் வழி அது. எறும்பு வருகிறது என்று அதைச் சிலிக்கோனால் அடைத்த வீடுகளை நானே பார்த்திருக்கிறேன். பள்ளம் நிரம்பி, நீர் வேறு போக்கிடம் இல்லாமல் வரவேற்பறைக்கு வந்துவிடும். அடைத்த பிறகு ஒழுக்கு கூடும் மர்மம் இவ்வளவுதான்.

மூன்றாவது வழி தெறிப்பு. பெரிய மழைத்துளி விநாடிக்கு 8, 9 மீட்டர் வேகத்தில் பலகையில் மோதிச் சிதறுகிறது. பலகைத்தளம் வாசற்படியின் மட்டத்திலேயே இருந்தால், சிதறும் நீர் நேராகக் கதவின் அடிவிளிம்பில் படும். வெளித்தரை, வீட்டுச் சுவரின் ஈரத்தடுப்பு அடுக்கிலிருந்து 150 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்க வேண்டும் என்பது பிரிட்டிஷ் கட்டட வழக்கம். நம் பழைய கடைவீடுகள் வேறு விதமாகத் தப்பித்தன. 1822-இல் ராஃபிள்ஸ் சிங்கப்பூருக்கு விதித்த ஐந்தடி நடைபாதை முறை பினாங்குக்கும் வந்தது. லிட்டல் இந்தியாவில் அந்தக் கூரையின்கீழ் நடந்து பாருங்கள்: கதவுமேல் மழையே நேராக விழுவதில்லை.

சரி, என்ன செய்யலாம்? கதவை ஒட்டிய கடைசிப் பலகையை எடுத்துவிட்டு, அங்கே கம்பித்தட்டு போட்ட சிறு வடிகால் வைப்பது முதல் வேலை. தளத்துக்குக் கீழே உள்ள தரை வீட்டை விட்டு விலகிச் சரிந்திருக்க வேண்டும். வாசற்படியும் வெளிப்பக்கம் சரிய வேண்டும். அதன் அடிப்பக்கத்தில், விளிம்பை ஒட்டி நீளவாக்கில் ஒரு பள்ளக்கோடு வேண்டும். கோப்பையைச் சாய்த்து மெல்ல ஊற்றும்போது தேநீர் வெளிப்புறத்தில் ஒட்டிக்கொண்டே வழிகிறதல்லவா? மழைநீரும் படியின் அடியில் அப்படித்தான் ஒட்டிக்கொண்டு சுவரை நோக்கி ஊரும். பள்ளத்தில் ஏற முடியாமல் அங்கேயே சொட்டிவிடும். சிலிக்கோனுக்கும் வேலை உண்டு, நிலைக்கும் சுவருக்கும் இடையிலான காய்ந்த, தூசியற்ற இடுக்கில். ஈர மரத்தில் அது ஒட்டாது.

எதையும் தொடுவதற்கு முன், மழையில்லாத நாளில் ஒரு சோதனை. பக்கத்தில் மின்கம்பி, நீட்டிப்புப் பெட்டி இருந்தால் முதலில் அகற்றுங்கள். உள்ளே, கதவின் அடியிலும் இருபுறமும் மெல்லிழைத் தாள்களை ஒட்டுங்கள். வெளியே ஒருவர் பூவாளியால் நீர் ஊற்றட்டும். முதலில் பலகைத்தளத்தில் மட்டும், பத்து நிமிடம். பிறகு வாசற்படியில். பிறகு நிலைக்காலில். கடைசியாகத்தான் கதவின் மேற்புறம். மேலிருந்து தொடங்கினால் எல்லாம் ஒன்றாக நனைந்து, எதுவும் புரியாமல் போகும். தாள் எந்தக் கட்டத்தில், எந்த மூலையில் முதலில் நனைகிறது என்று குறித்துக்கொண்டு அப்பாவிடம் காட்டுங்கள், அவர் சிலிக்கோன் குழாயின் மூக்கை வெட்டுவதற்கு முன்னால்.