உங்களுக்குத் தெரியுமா? பட்டன் தப்பினால் பாட்டிலேயே ஓட்டை!

ஜப்பானின் டிஜே விளையாட்டான 'பீட்மேனியா'வில் பட்டனைத் தவறவிட்டால் மதிப்பெண் மட்டும் போவதில்லை; அந்த இடத்தில் ஒலிக்க வேண்டிய இசைத்துணுக்கும் காணாமல் போகும். டிரம் அடி, பியானோ சுரம், குரல் எனப் பாட்டின் பல ஒலிகள் ஆடுபவரின் விரல்களில்தான் இருக்கின்றன. நேரம் தப்பி அழுத்தினால் இசையும் தாளம் தப்பும்.

• கொனாமி நிறுவனம் 1997-இல் வெளியிட்டது. ஐந்து பட்டன்கள், ஒரு சுழல்தட்டு.

• 1999-இல் வந்த 'பீட்மேனியா டூ டிஎக்ஸ்' பட்டன்களை ஏழாக்கியது. அதன் 'டபுள் ப்ளே' முறையில் ஒரே ஆள் 14 பட்டன்கள், இரண்டு சுழல்தட்டுகளைச் சமாளிக்க வேண்டும். பார்க்கவே பிரமிப்பு!

• 'பீட்மேனியா'வின் வெற்றியால் கொனாமி தன் இசை விளையாட்டுப் பிரிவுக்கே 'பெமானி' என்று பெயரிட்டது. 'டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன்' என்ற விளையாட்டும் அந்தக் குடும்பம்தான்.