ஆய்வுக்கூடத்தை வீட்டுக்கு அனுப்ப முடியுமா? கிருமிப்பரவல் காலத்தில் அறிவியல் ஆசிரியர்கள் சமாளித்த விதம்

"சார், உங்க வீடியோ நின்னுடுச்சு..."

2020ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் நீங்கள் உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தால், இந்த வரி நன்றாகவே ஞாபகம் இருக்கும்.

சிங்கப்பூரில் ஏப்ரல் 8ஆம் தேதி பள்ளிகள் முழுமையாக வீட்டிலிருந்து கற்கும் முறைக்கு மாறின. மே 4ஆம் தேதி வரை அது நீடித்தது. அதற்கு முந்திய வாரம் உயர்நிலைப் பள்ளிகளுக்கு ஒத்திகை பார்க்கக் கிடைத்தது ஒரே ஒரு நாள்.

வரலாற்றுப் பாடத்தைத் திரையில் விளக்கிவிடலாம். அறிவியல் பாடத்துக்கு ஆய்வுக்கூடம் வேண்டுமே?

அறிவியலுக்கு மட்டும் ஏன் கூடுதல் சிக்கல்?

சாதாரண நிலைத் தேர்வில் இயற்பியல், வேதியியல், உயிரியலைத் தனித்தனிப் பாடமாக எடுப்போருக்குச் செய்முறைத் தேர்வு உண்டு. மொத்த மதிப்பெண்ணில் அதன் பங்கு 20 விழுக்காடு.

டைட்ரேஷன் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். நிறமற்ற கரைசல் இளஞ்சிவப்பாகும் கணத்தில் பியூரெட்டின் திருகை மூட வேண்டும். ஒரு சொட்டு என்பது ஏறக்குறைய 0.05 மில்லிலிட்டர்தான். அது கூடினாலும் நிறம் அடர்ந்துவிடும்.

காணொளியில் பார்க்கும்போது 'ஓ, இவ்வளவுதானா' என்று தோன்றும். திருகை நீங்களே பிடிக்கும்போதுதான் கை நடுங்கும்!

ஆசிரியர்கள் என்ன செய்தார்கள்?

பல நாடுகளிலும் அறிவியல் ஆசிரியர்கள் நாடிய வழிகளில் சில:

• பாதியில் நிறுத்தும் காணொளி: சோதனையைப் படம்பிடித்துக் காட்டுவார்கள். முக்கியமான இடத்தில் நிறுத்தி, 'அடுத்து என்ன நடக்கும்?' என்று கேட்பார்கள். மாணவர்கள் ஊகித்து எழுதிய பிறகுதான் மீதி.

• கணினியில் சோதனை: கொலராடோ பல்கலைக்கழகத்தின் 'ஃபெட்' தளம் இலவசம். நோபெல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002ஆம் ஆண்டு தொடங்கியது. அதில் மின்சுற்றைத் தப்பாக இணைத்தாலும் உண்மையில் எதுவும் எரிந்துபோகாது.

• சமையலறைச் சோதனை: பலகாரத்துக்கு நீல நிறம் கொடுக்கும் சங்குப்பூவைக் கொதிநீரில் ஊறவைத்து, எலுமிச்சைச் சாறு விட்டால் ஊதா நிறமாகும். மஞ்சள்தூளில் சோப்புத் தண்ணீர் பட்டால் சிவக்கும். அமிலம், காரம் இரண்டையும் வீட்டிலேயே கண்டறியலாம்.

• கைத்தொலைபேசி: 1 மீட்டர் நூலில் ஒரு சாவியைக் கட்டி ஆடவிடுங்கள். 20 முறை ஆட ஏறக்குறைய 40 விநாடி ஆகும். அந்த நேரத்தை வைத்துக் கணக்குப் போட்டால் புவியீர்ப்பு முடுக்கம் 10க்குப் பக்கத்தில் வரும்.

எது கைகூடவில்லை?

வகுப்பறையில் புருவம் சுருங்கினாலே ஆசிரியருக்குப் புரிந்துவிடும். கேமராவை அணைத்துவிட்டால் அவருக்குத் தெரிவது பெயர் மட்டும்தான்.

முதல் வாரத்திலேயே இன்னொரு தலைவலி. ஸூம் வகுப்பு ஒன்றில் வெளியாட்கள் ஊடுருவியதால், கல்வி அமைச்சு அதன் பயன்பாட்டைச் சில நாள் நிறுத்திவைத்தது. திட்டமிட்ட பாடங்களை ஆசிரியர்கள் அவசர அவசரமாக மாற்ற வேண்டியதாயிற்று.

வீட்டுச் சூழலும் எல்லாருக்கும் ஒன்றல்ல. பள்ளிகள் கணினிகளை இரவல் கொடுத்தன. ஆனால் மூன்று பிள்ளைகள் ஒரே மேசையைப் பகிரும் வீவக வீட்டில், அமைதியான இடத்தை யார் இரவல் கொடுப்பது?

இழந்த நேரத்தைக் கருத்தில் கொண்டு, அந்த ஆண்டு தேசியத் தேர்வுகளிலிருந்து கடைசியாகக் கற்பிக்கப்படும் பாடப்பகுதிகள் நீக்கப்பட்டன. ஜூன் 2ஆம் தேதி பள்ளிகள் திறந்தபோது, தேர்வு எழுதும் மாணவர்கள் அன்றாடம் பள்ளிக்குச் சென்றனர். மற்ற வகுப்புகள் வாரம் மாறி வாரம் சென்றன.

எது நிலைத்தது?

உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒவ்வொருவருக்கும் சொந்தக் கற்றல் சாதனம் என்பது முதலில் 2028ஆம் ஆண்டுக்கான இலக்கு. அது 2021ஆம் ஆண்டுக்கு முன்கொண்டுவரப்பட்டது. வீட்டிலிருந்து கற்கும் நாள்களும் கால அட்டவணையில் இடம்பிடித்தன.

அந்த நாள்களில் இன்னொரு வழியும் இருக்கிறது. விளக்கத்தை வீட்டில் காணொளியாகப் பார்த்துவிட்டு வந்தால், ஆய்வுக்கூட நேரம் முழுவதும் கைக்குத்தான். கைப்பழக்கம் திரையில் வராது. விளக்கத்துக்குத் திரை போதும்.

அடுத்த முறை இணைய வகுப்பில் ஆசிரியர் "புரிஞ்சுதா?" என்று கேட்டால், புரியலைன்னா புரியலைன்னே சொல்லிடுங்க. அவருக்கு உங்கள் முகம் தெரியாது.