அவசரப் பைக்குள் ஒரு தாள்: அதில் என்ன எழுத வேண்டும்?

ஊருக்குத் திரும்பும் குடும்பங்களுக்காக வெள்ளவத்தையில் நடந்த ஒரு கூட்டத்துக்கு ஒரு தாயார் தன்னுடைய அவசரப் பையைக் கொண்டுவந்திருந்தார். ரோச் லைற், பற்றரி, ஜீவனி, தண்ணீர் சுத்திகரிக்கும் குளிசை, மாமியாரின் மருந்துகள், அடையாள அட்டைப் பிரதிகள் என்று எதுவும் குறையவில்லை. பக்கத்தில் நின்ற பன்னிரண்டு வயது மகளிடம், "அப்பம்மாவின் பிறஷர் குளிசை எது?" என்று கேட்டோம். தெரியவில்லை. "ஜீவனியை எவ்வளவு தண்ணீரில் கரைப்பது?" அதுவும் தெரியவில்லை. "அம்மாவுக்குத்தான் தெரியும்" என்றாள்.

அம்மா சந்தைக்குப் போயிருக்கும் நேரத்தில் வெள்ளம் வந்தால், அந்தப் பை வீட்டிலேயே இருந்தும் உதவாது. பையைக் கட்டியவர் இல்லாதபோதும் மற்றவர்கள் அதைப் பயன்படுத்த வேண்டும். அதற்கு ஒரு தாள் போதும். அந்தத் தாளில் எதை எழுதுவது, எப்படி எழுதுவது என்பதை இந்தப் பகுதி விளக்குகிறது.

ஏன் எழுதி வைக்க வேண்டும்?

2007 ஜூன் 7 அதிகாலை, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, பம்பலப்பிட்டி, புறக்கோட்டை ஆகிய இடங்களில் லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழர்கள் பொலிஸாரால் எழுப்பப்பட்டு பஸ்களில் ஏற்றப்பட்டார்கள். 376 பேர் வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பப்பட்டார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் இதை நிறுத்தும்படி இடைக்கால உத்தரவு வழங்கியது. உங்களில் சிலருக்கு அந்தக் காலை நன்றாக நினைவிருக்கும். சாமான்களை எடுக்கக் கிடைத்தது நிமிடக் கணக்கான நேரம். எது எங்கே இருக்கிறது, எதை விட்டால் பிறகு எடுக்க முடியாது என்று யோசிக்க அந்த நேரம் போதாது.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்திலும் வேறு இடங்களிலும் குண்டுகள் வெடித்தன. அன்றே ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. பேஸ்புக், வட்ஸ்அப் போன்றவை முடக்கப்பட்டன. வட்ஸ்அப்பில் மட்டும் தொடர்பு வைத்திருந்த குடும்பங்களுக்கு அன்று வேறு வழி தேவைப்பட்டது. முன்கூட்டியே ஒரு வழியைப் பேசி வைத்திருந்தவர்களுக்குப் பதற்றம் குறைவாக இருந்திருக்கும்.

அறிவுறுத்தல் மட்டுமே உயிர் காத்ததற்கும் சான்று உண்டு. இந்தோனேசியாவின் சிமெலு தீவில் 1907ஆம் ஆண்டு ஆழிப்பேரலை பலரைக் கொண்டுபோனது. அதன் பிறகு, நிலம் பலமாக அதிர்ந்து கடல் உள்வாங்கினால் உடனே மேட்டுக்கு ஓட வேண்டும் என்று பாட்டன் பாட்டிமார் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள். 2004 டிசம்பர் 26 அன்று, ஏறத்தாழ 78,000 பேர் வாழ்ந்த அந்தத் தீவில் ஆழிப்பேரலையில் இறந்தவர்கள் 7 பேர் மட்டுமே. அப்படியொரு சொல் வழக்கில் இல்லாத நம் கரைகளில், இலங்கை முழுவதும் 30,000க்கும் மேற்பட்டோரை இழந்தோம்.

எப்படி எழுதுவது?

• ஒரு வரியில் ஒரு செயல் மட்டும் எழுதுங்கள். வீட்டில் பேசுவதுபோல எழுதுங்கள்.
• பெரிய எழுத்தில், நீல அல்லது கறுப்புப் பேனையால் எழுதுங்கள். அம்மம்மா கண்ணாடி இல்லாமலும் வாசிக்கக்கூடியதாக இருக்கட்டும்.
• பெயர், நோய், மருந்து, தொடர்பு இலக்கம் ஆகியவற்றைச் சிங்களத்திலும் எழுதுவியுங்கள். உங்களுக்கு உதவ வருபவர் தமிழ் வாசிக்கத் தெரியாத தாதியாகவோ படைவீரராகவோ இருக்கலாம்.
• தாளை லேமினேற் செய்யுங்கள். வசதி இல்லையென்றால் இரண்டு பொலித்தீன் பைகளுக்குள் இட்டு இறுகக் கட்டுங்கள்.
• ஒரு பிரதியை உறவினர் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள்.

தாளில் இருக்க வேண்டியவை

1. நாங்கள் யார். குடும்பத்தில் ஒவ்வொருவரின் முழுப்பெயர், பிறந்த ஆண்டு, இரத்த வகை, ஒவ்வாத மருந்து. சிறு பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு சிறிய அட்டை எழுதி உடுப்பின் உட்பையில் வையுங்கள். அதில் பிள்ளையின் பெயர், பெற்றோரின் பெயர், இரண்டு தொலைபேசி இலக்கங்கள் போதும். வெளியே தெரியும்படி கழுத்தில் தொங்கவிட வேண்டாம். பெயரை வாசித்துவிட்டு யாரும் தெரிந்தவர்போலப் பிள்ளையைக் கூப்பிடலாம்.

2. எங்கே சந்திப்பது. இரண்டு இடங்கள் எழுதுங்கள். ஒன்று வீட்டுக்கு அருகில், மற்றது ஊருக்கு வெளியே. கொழும்பில் "காலி வீதி பஸ் தரிப்பிடம்" என்று சொல்லிப் பழகியிருப்பீர்கள். ஊரில் அது பாடசாலையாகவோ கோயிலாகவோ தேவாலயமாகவோ இருக்கலாம். இடத்தின் பெயரோடு, அதன் எந்த வாசலில், எவ்வளவு நேரம் காத்திருப்பது, வராவிட்டால் அடுத்து எங்கே போவது என்பதையும் எழுதுங்கள்.

3. யாரை அழைப்பது. ஊருக்கு வெளியே வாழும் உறவினர் ஒருவரைத் தெரிவுசெய்யுங்கள். பிரிந்துபோனால் எல்லோரும் அவருக்கே தகவல் சொல்ல வேண்டும். கொழும்பில் இருக்கும் சித்தப்பாவோ வெளிநாட்டில் இருக்கும் மாமியோ ஆகலாம். இலக்கத்தைத் தொலைபேசியில் மட்டும் வைத்திருக்காமல் தாளிலும் எழுதுங்கள், பிள்ளைகளுக்குப் பாடமாக்குங்கள். அழைப்பு எடுபடாவிட்டால் குறுஞ்செய்தி அனுப்பும்படி எழுதுங்கள். நெரிசலான நேரத்திலும் அது பெரும்பாலும் போய்ச் சேரும். அதன் கீழே: பொலிஸ் அவசர அழைப்பு 119, சுவசெரிய இலவச அம்புலன்ஸ் 1990, அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117, சிறுவர் உதவி 1929. உங்கள் கிராம உத்தியோகத்தரின் இலக்கத்தையும் கேட்டு எழுதுங்கள்.

4. மருந்து. மருந்தின் பெயரைப் பெட்டியில் உள்ளபடியே பார்த்து எழுதுங்கள். யாருக்கு, எத்தனை மில்லிகிராம், எத்தனை தரம், சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்பதையும் சேருங்கள். "வெள்ளைக் குளிசை" என்று எழுதினால் பையில் வேறு வெள்ளைக் குளிசைகளும் இருக்கும். பிள்ளைகளின் காய்ச்சல் மருந்துக்கு, எடையைப் பார்த்து வைத்தியர் சொன்ன அளவை எழுதி, பிள்ளை வளர வளர மாற்றுங்கள். கிளினிக் கொப்பியின் பிரதியையும் இத்தாளோடு சேர்த்து வையுங்கள்.

5. தண்ணீரும் வயிற்றோட்டமும். இந்த வரிகளை அப்படியே பார்த்து எழுதலாம்:

• கலங்கிய தண்ணீரைச் சுத்தமான துணியால் வடி.
• நன்றாகக் கொதித்த பிறகும் 1 நிமிடம் கொதிக்க விடு. மூடி ஆற வை.
• கொதிக்க வைக்க முடியாவிட்டால் குளோரின் குளிசை போடு. கலக்கி 30 நிமிடம் பொறு.
• ஒரு குளிசை ……… லீட்டருக்கு.
• ஜீவனி ஒரு பைக்கற்றை 1 லீட்டர் தண்ணீரில் கரை. 24 மணித்தியாலத்தில் மிச்சத்தை ஊற்று.
• ஜீவனி இல்லையென்றால்: 1 லீட்டர் தண்ணீர், 6 மட்டத் தேக்கரண்டி சீனி, அரை மட்டத் தேக்கரண்டி உப்பு.

குளோரின் குளிசையின் அளவு பெட்டிக்குப் பெட்டி மாறும் என்பதால் அந்த வரியை வெறுமையாக விட்டிருக்கிறோம். உங்களிடம் இருக்கும் பெட்டியைப் பார்த்து நிரப்புங்கள். உப்பு கூடினால் பிள்ளைக்கு ஆபத்து. அதனால் "மட்டத் தேக்கரண்டி" என்ற சொல்லை விட்டுவிட வேண்டாம்.

6. ஊரின் ஆபத்துகள். கொட்டாஞ்சேனை மாடிவீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு வீதியைக் கடக்கத் தெரியும். கட்டில்லாத கிணற்றையும் பற்றைக்குள் கிடக்கும் இரும்பையும் அது பார்த்திருக்காது. முகமாலை போன்ற முன்னாள் போர்முனைகளில், போர் முடிந்து பல ஆண்டுகள் கழிந்தும் கண்ணிவெடி அகற்றும் பணி நடந்தது. ஆகவே இவற்றை எழுதுங்கள்:

• மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை இருந்தால் அந்தப் பக்கம் போகாதே.
• தெரியாத இரும்பு, பிளாஸ்ரிக் சாமான்களைத் தொடாதே, எறியாதே, எரிக்காதே. இடத்தைக் கவனித்துப் பெரியவர்களிடம் சொல்.
• வெடிபொருள் இருக்கும் இடத்துக்குள் வந்துவிட்டால் நில். அசையாதே. சத்தமாகச் சொல். உதவி வரும்வரை பொறு.
• பாம்பு கடித்தால் வெட்டாதே, உறிஞ்சாதே, இறுக்கிக் கட்டாதே. கடிபட்ட கையை அல்லது காலை அசைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போ. பாம்பைத் துரத்திப் பிடிக்க வேண்டாம்.
• நிலம் பலமாக அதிர்ந்தால் அல்லது கடல் உள்வாங்கினால் கரையை விட்டு உயரமான இடத்துக்கு ஓடு. அறிவிப்பு வரும்வரை நிற்காதே.

7. பத்திரங்கள். மூலப் பத்திரம் தொலைந்தாலும் விபரம் கையில் இருந்தால் பிரதி எடுப்பது எளிது. பிறப்பு, விவாக, மரண அத்தாட்சிப் பத்திரங்களின் இலக்கம், பதிவுத் திகதி, பதிவாளர் பிரிவு ஆகியவற்றை எழுதுங்கள். காணி உறுதிக்கு உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர், பதியப்பட்ட காணிப் பதிவகம் ஆகியவை வேண்டும். ஊருக்குத் திரும்பியதும் காணி தொடர்பாக எந்தக் கந்தோருக்குப் போனாலும் முதலில் கேட்கப்படும் விபரங்கள் இவைதான்.

எழுதக் கூடாதவை

வங்கி அட்டையின் இரகசிய இலக்கம், கடவுச்சொற்கள், நகை வைத்திருக்கும் இடம். பை பிறர் கைக்குப் போகலாம். தாளை வாசிப்பவர் உங்களுக்கு உதவக்கூடியதாக இருக்க வேண்டும், உங்களிடம் திருடக்கூடியதாக இருக்கக் கூடாது.

சோதித்துப் பாருங்கள்

ஓர் இரவு விளக்கை அணைத்துவிட்டு, ரோச் லைற்றையும் தாளையும் வீட்டில் மூத்த பிள்ளையிடம் கொடுங்கள். "அப்பம்மாவின் மருந்தை எடு, ஜீவனி கரை, பெரியப்பாவின் இலக்கத்தைச் சொல்" என்று கேளுங்கள். நீங்கள் வாய் திறக்க வேண்டாம். பிள்ளை எந்த இடத்தில் தடுமாறுகிறதோ அந்த வரியைத் திருத்தி எழுதுங்கள். பிறகு அப்பம்மாவையும் வாசிக்கச் சொல்லுங்கள்.

கொழும்பில் எழுதிய தாள் ஊரில் செல்லாது. சந்திக்கும் இடம், அயலவர், ஆஸ்பத்திரி எல்லாம் மாறிவிடும். போய்ச் சேர்ந்த முதல் வாரத்திலேயே புதிதாக எழுதுங்கள். பிறகு சித்திரை வருடப்பிறப்புக்கு ஒரு தரமும், மாரி தொடங்கும் முன் புரட்டாசியில் ஒரு தரமும் பையைத் திறந்து, மருந்தின் காலாவதித் திகதியையும் தொலைபேசி இலக்கங்களையும் சரிபாருங்கள்.

கூட்டத்துக்கு வந்த அந்தத் தாயார் அன்றே தாளை எழுதத் தொடங்கினார். அவர் சொல்லச் சொல்ல மகள் எழுதினாள். தாளைப் பிள்ளையின் கையாலேயே எழுதுவிப்பது நல்ல வழி. எழுதி முடிக்கும்போது பாதி பாடமாகியிருக்கும்.