சிங்கப்பூர் பெருவிரைவு ரயில்

சிங்கப்பூர் பெருவிரைவு ரயில் என்பது சிங்கப்பூரின் முதன்மையான நகரத் தொடருந்து வலையமைப்பு ஆகும். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு இது எம்ஆர்டி எனவும் பரவலாக அழைக்கப்படுகிறது. 1987 நவம்பர் 7 அன்று ஐந்து நிலையங்களுடனும் ஆறு கிலோமீட்டர் பாதையுடனும் இச்சேவை தொடங்கப்பட்டது. இன்று இது ஆறு தடங்களாக 240 கிலோமீட்டருக்கும் மேல் விரிந்துள்ளது. இதன் உட்கட்டமைப்பு நிலப் போக்குவரத்து ஆணையத்தின் பொறுப்பில் உள்ளது. எஸ்எம்ஆர்டி, எஸ்பிஎஸ் டிரான்சிட் ஆகிய இரு நிறுவனங்கள் சேவையை இயக்குகின்றன.

வரலாறு

1967இல் தொடங்கி 1971இல் நிறைவடைந்த நகரத் திட்டமிடல் ஆய்வு ஒன்று, 1992ஆம் ஆண்டளவில் சிங்கப்பூருக்குத் தொடருந்து வலையமைப்பு தேவைப்படும் எனக் கூறியது. சிறிய தீவாகிய சிங்கப்பூரில் சாலைகளுக்கான இடம் குறைவு என்பதே இதற்கு அடிப்படைக் காரணமாகும். எனினும் இதற்கு ஆகும் பெருஞ்செலவு குறித்து நீண்ட விவாதம் நடைபெற்றது. 1980இல் ஆர்வர்டு பல்கலைக்கழக வல்லுநர் குழு, பேருந்துகளை மட்டுமே கொண்ட அமைப்பே போதுமானது எனப் பரிந்துரைத்தது. அடுத்த ஆண்டு மேற்கொள்ளப்பட்ட விரிவான போக்குவரத்து ஆய்வோ, அவ்வளவு பேருந்துகளை நகர மையச் சாலைகள் தாங்கா என்ற முடிவுக்கு வந்தது. தொடருந்துத் திட்டத்தை முன்னின்று வலியுறுத்தியவர்களுள் முதன்மையானவர் அப்போதைய அமைச்சரும் பின்னாளில் குடியரசுத் தலைவராக விளங்கியவருமான ஓங் டெங் சியோங் ஆவார். 1982 மே மாதத்தில் அரசு திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. 1983 அக்டோபரில் கட்டுமானம் தொடங்கியது.

முதல் பகுதி இயோ சூ காங் முதல் தோ பாயோ வரை திறக்கப்பட்டது. திட்டமிடப்பட்ட முதற்கட்ட வலையமைப்பு 1990 சூலையில், குறித்த காலத்திற்கு முன்னதாகவே நிறைவடைந்தது.

தடங்கள்

ஒவ்வொரு தடமும் ஒரு நிறத்தால் அடையாளம் காணப்படுகிறது.

- வடக்கு-தெற்குத் தடம்: சிவப்பு (1987)
- கிழக்கு-மேற்குத் தடம்: பச்சை (1987)
- வடகிழக்குத் தடம்: ஊதா (2003)
- வட்டத் தடம்: ஆரஞ்சு (2009)
- டவுன்டவுன் தடம்: நீலம் (2013)
- தாம்சன்-ஈஸ்ட் கோஸ்ட் தடம்: பழுப்பு (2020)

முதலிரு தடங்களில் ஓட்டுநர்கள் பணியாற்றுகின்றனர். ஏனைய நான்கிலும் தொடருந்துகள் ஓட்டுநரின்றித் தானியங்கி முறையில் இயங்குகின்றன. பெரும்பாலான தடங்களில் தண்டவாளத்தை ஒட்டி அமைந்த மூன்றாவது தண்டவாளத்தின் வழியாக 750 வோல்ட்டு நேர்மின்னோட்டம் வழங்கப்படுகிறது. வடகிழக்குத் தடத்தில் மட்டும் 1500 வோல்ட்டு மேல்நிலைக் கம்பி பயன்படுத்தப்படுகிறது.

நிலையங்களும் அறிவிப்புகளும்

நிலையங்களுக்குப் பெயருடன் எழுத்தும் எண்ணும் சேர்ந்த குறியீடும் வழங்கப்பட்டுள்ளது. சான்றாக, மூன்று தடங்கள் சந்திக்கும் டோபி காட் நிலையத்தின் குறியீடுகள் என்எஸ் 24, என்இ 6, சிசி 1 என்பனவாகும். எழுத்துகள் தடத்தையும் எண் அத்தடத்தில் நிலையத்தின் வரிசையையும் குறிக்கின்றன. ஊரின் பெயரை ஒலிக்கத் தெரியாதவரும் எண்கள் ஏறுகின்றனவா இறங்குகின்றனவா என்பதைக் கொண்டு தாம் செல்லும் திசை சரியானதா என அறிந்துகொள்ளலாம். முன்னாளில் இந்தியச் சலவைத் தொழிலாளர்கள் அப்பகுதியில் துணி வெளுத்ததால் டோபி காட் என்ற பெயர் ஏற்பட்டது.

சிங்கப்பூரின் நான்கு ஆட்சிமொழிகளுள் தமிழும் ஒன்றாதலால், நிலையப் பெயர்ப்பலகைகளிலும் பாதுகாப்பு எச்சரிக்கைகளிலும் தமிழைக் காணலாம். சில ஒலிபரப்பு அறிவிப்புகளும் நான்கு மொழிகளில் செய்யப்படுகின்றன.

நிலத்தடி நிலையங்களில் தொடக்கம் முதலே நடைமேடை ஓரத்தில் முழு உயரக் கண்ணாடித் தடுப்புக் கதவுகள் உள்ளன. குளிர்பதனக் காற்று சுரங்கத்துக்குள் வீணாகாமல் தடுப்பது இவற்றின் முதன்மை நோக்கங்களுள் ஒன்று. பயணிகள் தண்டவாளத்தில் விழாமல் காப்பது மற்றொரு பயன். உயர்மட்ட நிலையங்களில் அரை உயரக் கதவுகள் 2012இல் பொருத்தி முடிக்கப்பட்டன.

பயணமும் கட்டணமும்

பயணி நுழைவாயிலில் தமது அட்டையைக் காட்டி உள்ளே நுழைந்து, இறங்கும் நிலையத்தில் மீண்டும் காட்டி வெளியேற வேண்டும். கட்டணம் பயணத் தொலைவைப் பொறுத்துக் கணக்கிடப்படுகிறது. 2010 சூலை முதல், பேருந்தும் தொடருந்தும் மாறிச் செல்லும் பயணங்கள் குறித்த கால வரம்புகளுக்குள் ஒரே பயணமாகக் கருதப்படுகின்றன. இதனால் வாகனம் மாறும் ஒவ்வொரு முறையும் புதிதாக அடிப்படைக் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை.

தொடக்கத்தில் காந்தப்பட்டை அட்டைகள் வழக்கில் இருந்தன. 2002இல் ஈசி-லிங்க் எனும் தொடா அட்டை அறிமுகமானது. 2019 முதல் வங்கி அட்டைகளையும் நேரடியாகப் பயன்படுத்தலாம். ஒருமுறைப் பயணத்துக்கான தனிச் சீட்டுகள் 2022இல் கைவிடப்பட்டன.

பணம் அட்டையிலேயே பதியப்பட்டிருக்கும் பழைய முறையை நிறுத்தி, கணக்கு மையக் கணினியில் இருக்கும் முறைக்கு அனைவரையும் மாற்றப்போவதாக 2024 சனவரியில் அறிவிக்கப்பட்டது. புதிய முறையில் கட்டணமும் மீதித் தொகையும் வாயில் திரையில் தோன்றா. கைப்பேசிச் செயலியைத் திறந்து பார்க்க வேண்டும் என்பதால், முதியோர் உள்ளிட்ட பலர் எதிர்ப்புத் தெரிவித்தனர். அதே மாதத்தில் அரசு தனது முடிவைத் திரும்பப் பெற்று, பழைய முறையைத் தொடர 4 கோடி சிங்கப்பூர் வெள்ளி கூடுதலாக ஒதுக்கியது.

பயணிகளுக்கான விதிகள்

தொடருந்திலும் நிலையத்திலும் உண்பதும் பருகுவதும் தடைசெய்யப்பட்டுள்ளன; மீறுவோருக்கு 500 வெள்ளி வரை தண்டம் விதிக்கப்படலாம். புகைபிடித்தலுக்கு இது 1000 வெள்ளி ஆகும். கடும் மணமுள்ள டுரியான் பழத்தை எடுத்துச் செல்லவும் அனுமதியில்லை. விதியாக எழுதப்படாத வழக்கங்களும் உள்ளன: நகரும் படிக்கட்டில் இடப்புறம் நின்று, விரைந்து செல்வோருக்கு வலப்புறத்தை விடுவர், கதவின் இருபுறமும் வரிசையில் காத்து, இறங்குவோர் இறங்கிய பின்னரே ஏறுவர்.

பழுதுகளும் பராமரிப்பும்

சேவை பொதுவாகக் காலை ஐந்தரை மணியளவில் தொடங்கி நள்ளிரவு வரை நீடிக்கிறது. எனவே தண்டவாளத்தைச் சோதித்துப் பழுதுபார்க்க ஒவ்வோர் இரவும் மூன்று மணி நேரமளவே கிடைக்கிறது. வலையமைப்பு முதுமையடைந்தபோது இதன் விளைவு வெளிப்பட்டது.

2011 டிசம்பர் 15, 17 ஆகிய நாள்களில் வடக்கு-தெற்குத் தடத்தில் பெருந்தடங்கல்கள் ஏற்பட்டன. மூன்றாவது தண்டவாளத்தைத் தாங்கும் பிடிப்புகள் கழன்றதால் அது கீழே தொய்ந்து, தொடருந்துகளின் மின்னேற்பிகள் சேதமடைந்தன. சுரங்கத்தில் நின்றுபோன வண்டிகளில் விளக்கும் காற்றோட்டமும் குறைந்தன; ஒரு வண்டியில் காற்றுக்காகப் பயணி ஒருவர் சன்னல் கண்ணாடியை உடைத்தார். இரு நாள்களிலும் சேர்த்து இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகள் பாதிக்கப்பட்டனர். விசாரணைக் குழு பராமரிப்பிலிருந்த குறைகளைச் சுட்டிக்காட்டியது. எஸ்எம்ஆர்டி நிறுவனத்துக்கு 20 இலட்சம் வெள்ளி தண்டம் விதிக்கப்பட்டது. இதன் பின்னர் இவ்விரு பழைய தடங்களிலும் மரக்கட்டைகளுக்குப் பதிலாகக் கற்காரைக் கட்டைகள் இடப்பட்டதுடன், மூன்றாவது தண்டவாளம், சமிக்ஞை முறை ஆகியனவும் புதுப்பிக்கப்பட்டன.

2024 செப்டம்பர் 25 அன்று கிழக்கு-மேற்குத் தடத்தில், 35 ஆண்டுகளுக்கும் மேல் ஓடிய முதல் தலைமுறை வண்டி ஒன்றின் அச்சுப்பெட்டி கழன்று விழுந்தது. தடம் புரண்ட சக்கரங்கள் ஏறத்தாழ 2.5 கிலோமீட்டர் தண்டவாளத்தைச் சேதப்படுத்தின. பூன் லே, குவீன்ஸ்டவுன் இடையிலான சேவை ஆறு நாள்கள் தடைபட்டது. அந்நாள்களில் பேருந்துகளே மாற்று வழியாயின. பேருந்துகள் மட்டுமே போதுமா என்று ஒரு காலத்தில் விவாதித்த நகரம் இன்று தொடருந்தை எந்த அளவுக்குச் சார்ந்துள்ளது என்பதை அந்த நெரிசல் காட்டியது.

விரிவாக்கம்

ஜூரோங் வட்டாரத் தடம், குறுக்குத் தீவுத் தடம் ஆகிய இரு புதிய தடங்கள் திட்டமிடப்பட்டுக் கட்டுமானம் தொடங்கியது. 2030களின் தொடக்கத்தில் வலையமைப்பை ஏறத்தாழ 360 கிலோமீட்டராக விரிவாக்குவது அரசின் இலக்காகும்.